எண்ணிக்கை சொல்பவள்

கல் பாவிய தெருக்களில் நடக்கப் போகிறவர்கள் முதலில் நல்ல சப்பாத்து வாங்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. படத்தில் பார்க்கும்போது அந்தக் கற்கள் அழகாக, வரிசையாகத் தெரியும். காலை வைத்தால்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சரிந்து கிடப்பது விளங்கும். பிரான்சுக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே பரமட்டாவில் ஒரு கடையில் என் கணவருக்கு லேஸ் கட்டும் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். ஒட்டுப்பட்டி வைத்தது என்றால் காரிலேயே பிய்த்து எறிந்துவிடுவார். லேஸில் இரட்டை முடிச்சுப் போட்டால் அவரால் முடியாது. முடிச்சு அவிழ்ப்பது அவருக்கு மறந்துபோய் இரண்டு வருடமாகியிருந்தது.

அதனால்தான் நேற்று மரண விசாரணை அதிகாரியாக நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. கெட்டிக்காரப் பெண் என்றுதான் நினைத்தேன். அவருடைய சப்பாத்தைக் கழற்றியது யார் என்று கேட்டீர்கள். ஏழு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை. பிரான்ஸ் பொலீஸ் கேட்கவில்லை, என் மகன் கேட்கவில்லை, பள்ளிவாசலில் என் கையைப் பிடித்து அழுத பெண்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன்.

இதைத் தமிழில் எழுதித் தருகிறேன், உங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடம், எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் அந்தப் பாஷையில் பேசும்போது இரண்டு வசனத்துக்கு ஒரு தடவை 'ஐ ஆம் சொறி' சொல்லிவிடுவேன். எனக்கே தெரியாமல் வந்துவிடும். இதில் எனக்கு அந்தச் சொல் இடைஞ்சல்.

என் பெயர் ரினோசா. ஐம்பத்துநான்கு வயது. நார்த்மீட்டில் இருக்கிறேன். என் கணவர் அசனார் சென்ற நவம்பரில், தென் பிரான்சில் ஒரு பழைய மலைக்கிராமத்தில், அறுபத்தொரு வயதில் மௌத்தானார். என் பக்கத்திலிருந்து வழிதவறிப் போய், இரவுக் குளிரில் உயிர் பிரிந்தது என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. அப்படிச் சொன்னது நான்தான். சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

அசனார் எஞ்சினியர். பாலங்களையும் தாங்குசுவர்களையும் சோதித்து, நிற்குமா விழுமா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. வீட்டிலும் அதே வேலைதான். நான் சோற்றுக்கு வைக்கும் தண்ணீரைக்கூட எட்டிப் பார்ப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சரியான மனிதர். எப்போதும் சரியாக இருக்கிற ஒருவரோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தினால்தான் அதன் சுகம் தெரியும்.

அவருடைய அலுவலக மேசைக்கு மேலே அந்தக் கிராமத்தின் பழைய கலண்டர் படம் ஒன்று இருந்தது. ஆற்றுக்கு மேலே ஒரு பாறை, பாறைமேல் கல் வீடுகள், உச்சியில் கூரையில்லாத ஒரு தேவாலயம். வேலையை விட்டபோது வேறொன்றும் எடுத்துவராமல் அதை மட்டும் கொண்டுவந்து எங்கள் குசினிச் சுவரில் மாட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் படத்தின் முன் நிறுத்திப் பாடம் நடத்துவார். "எண்ணூறு வருசம். சீமெந்து இல்ல. கல்லுல கல்லு சாஞ்சி நிக்கிது, பாருங்க." வேலையில் இருந்த காலத்தில், ஓய்வுபெற்றதும் அங்கே போகலாம் என்பார். ஓய்வுக்கு முந்திக்கொண்டு மறதி வந்துவிட்டது. அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது.

டொக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்று கார் பார்க்கில் வைத்து என் கையைப் பிடித்தார். பொதுவிடத்தில் என் கையைப் பிடிக்கிற ஆளில்லை. "என்னய ஹோம்ல மட்டும் போட்டுராத புள்ள," என்றார். முதியோர் இல்லத்தைத்தான் சொன்னார். நான் வல்லாஹி என்றேன். அல்லாஹ்மேல் சத்தியம் என்று அர்த்தம். எங்களில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்வதில்லை. இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதையாகத்தான் இருக்கும். அறைக்கு அறை என் பின்னாலேயே வருவார். கழிவறைக் கதவைச் சாத்தினால் அழுவார். அதனால் நாலு வருடமாக நான் அந்தக் கதவைச் சாத்தவில்லை. ஒரு நிமிடம் கண்ணயர்ந்தால் வாசலைத் திறந்துகொண்டு போய்விடுவார். இரண்டு தடவை வின்சர் ரோட்டின் நடுவில் நின்றவரைக் கூட்டிவந்தேன். என் பெயரும் போயிற்று. என்னைச் சிஸ்டர் என்று கூப்பிட்டார். ஆஸ்பத்திரித் தாதி என்ற நினைப்பு. அது ஒன்றும் பிழையில்லை.

மகன் சாஜித் மெல்போர்னில், கிரான்பர்னில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் காரிலிருந்தே போன் எடுப்பான். "யூ ஆர் டூயிங் கிரேட், உம்மா," என்பான். ஒரே ஒரு தடவை நான் ஹோம் என்ற பேச்சை எடுத்தேன். "வாப்பாவ ஹோம்ல போட்டா பள்ளியில நான் எப்படி மூஞ்சி காட்டுற?" என்று கேட்டான். அந்த மூஞ்சியை நார்த்மீட்டில் கொண்டுவந்து காட்டி ஆறு மாதமாகியிருந்தது.

தொழுகையைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் சப்பாத்து விளங்காது. நாங்கள் ஐந்து வேளை தொழுவோம். ஒவ்வொரு வேளைக்கும் இத்தனை சுற்று என்று கணக்குண்டு, சுற்றுக்கு ரக்அத் என்று பெயர். நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தால் ஒன்று. கடைசியில் உட்கார்ந்து, முகத்தை வலமும் இடமும் திருப்பி சலாம் கொடுத்தால் தொழுகை முடியும். அசனாருக்கு எல்லாம் மறந்தது, தொழுகை மறக்கவில்லை. என் போனில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் கை தானாக எழுந்து கட்டிக்கொள்ளும். மறந்தது எண்ணிக்கை மட்டும். புத்தி தடுமாறியவருக்குத் தொழுகை கடமையில்லை, விட்டுவிடுங்கள் என்று மௌலவி சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். விட மாட்டேன் என்று நிற்கிறவரை நான் என்ன செய்வது?

அதனால் முசல்லாவை, அதாவது தொழுகை விரிப்பை, விரித்துவிட்டு அவருக்கு வலப்பக்கம் ஒரு கதிரையில் நான் உட்காருவேன். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் முகத்தை லேசாகத் திருப்பி என்னைப் பார்ப்பார். "ரெண்டு முடிஞ்சிச்சி, இன்னும் ரெண்டு இரிக்கி," என்பேன். எழும்புவார். கடைசியில், "முடிஞ்சிச்சி, சலாம் குடுங்க," என்பேன். கொடுப்பார். வாழ்நாள் முழுக்க என் கணக்கைச் சரிபார்த்த மனிதர், இப்போது என் கணக்கை நம்பித் தொழுதார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

ஒருநாள் லுஹர் என்னும் மதியத் தொழுகையின் நடுவில் சாஜித் போன் எடுத்தான். குசினிக்குப் போய்ப் பேசினேன். பேசி முடித்து, தேத்தண்ணி ஊற்றி, கதிரையில் அமர்ந்து ஆறுதலாகக் குடித்தேன். கோப்பையைக் கழுவும்போதுதான் அவர் என் பின்னால் வரவில்லை என்பது உறைத்தது. நாற்பது நிமிடமாகியிருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தால் அவர் இன்னும் தொழுதுகொண்டிருந்தார். சேட்டு வியர்வையில் நனைந்திருந்தது, முழங்கால் நடுங்கியது. சொல்ல ஆளில்லாததால் முடிக்கத் தெரியவில்லை. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி.

அதற்குப் பிறகு குளிக்கப் போகும்போது முசல்லாவை விரித்தேன். பிறகு கடைக்குப் போகும்போது. பிறகு தலைமுடி வெட்டிக்கொள்ளப் போனேன், ஒரு மணி ஐம்பது நிமிடம். திரும்பி வந்து, "முடிஞ்சிச்சி," என்றேன். சலாம் கொடுத்துவிட்டுச் சரிந்துவிட்டார். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்பு வேலை பார்க்கிறோமே, அப்படித்தான். முழங்கால் வீங்கியபோது தைலம் பூசினேன். நான் அவரைக் கட்டிப்போடவில்லை, பூட்டி வைக்கவில்லை, மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கவில்லை. தொழ விட்டேன்.

வேறு வழி இருந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. ஜூலையில் விமலா என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை வந்தாள், முதியோர் பராமரிப்புக்கு ஆள் பார்த்து எழுதுகிறவள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு ஹோமில் இடம் வந்திருந்தது. தமிழ் பேசும் தாதிமார், ஹலால் சாப்பாடு. "அன்ரி, இப்பிடி இடம் திரும்பக் கிடையாது. ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றாள். நான் சத்தியம் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவள் என் முழங்கையில் இருந்த நகக்கீறல்களைப் பார்த்தாள். பேனையை மூடி வைத்துவிட்டு, "அங்கிள் அதை மறந்திட்டார், அன்ரி," என்றாள். அவர் மறந்தால் அல்லாஹ்வும் மறந்துவிடுவானா? கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த மாதம்தான் படத்தைப் பார்த்துக்கொண்டே பிரான்ஸ் என்றேன். சாஜித் போனிலேயே அழுதுவிட்டான். "வாப்பாட ட்ரீம், உம்மா," என்றான். கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. நவம்பரில் போவது என்று நான் முடிவு செய்தேன், கூட்டம் குறைவு. அந்தக் கிராமத்தின் இணையப் பக்கத்தை இங்கிலீஷில் படித்தேன். உச்சியில் இருக்கும் தேவாலயம் நவம்பர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் வரை மூடப்பட்டிருக்கும், படிக்கட்டில் சங்கிலி போட்டிருப்பார்கள் என்று இருந்தது. படித்தபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், அவ்வளவுதான்.

போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வாடகைக் காரை ஆற்றோரமாக நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனேன். கிராமத்து வாசல் ஒரு பெரிய கல் வளைவு. அசனார் அதன் கீழே நின்றார். உள்ளங்கையைக் கல்லில் வைத்து, மெதுவாக மேலே தடவிக்கொண்டு போனார். "சீமெந்து இல்ல," என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை. சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எங்கள் கலியாண வீட்டில் பார்த்தது. நான் அழுதேன். அன்று முழுவதும் அழுதது அந்த ஒரு தடவைதான்.

தெருவெல்லாம் வெறிச்சென்று இருந்தது. வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி, எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. ஒரே ஒரு கடை. அதிலிருந்த பெண் சாமான்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அசனாரைப் பார்த்துவிட்டு அக்ரூட் கேக் ஒரு துண்டு கொடுத்தாள். அவர் அதைத் தின்னாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் நன்றி சொன்னேன். அவள் கடையைப் பூட்டிவிட்டுப் போனாள்.

சங்கிலி முழங்கால் உயரந்தான். கொக்கியைக் கழற்றி, அவரை உள்ளே விட்டு, திரும்ப மாட்டினேன். மேலே மூன்று சுவரும் கல் தரையும் வானமும். மூச்சு விட்டால் புகை தெரிந்தது. ஒரு மணிக்கு என் போனில் பாங்கு சொன்னது.

தொழுகைக்கு முன் முகமும் கையும் காலும் கழுவ வேண்டும். போத்தல் தண்ணீரால் கழுவி விட்டேன். அதற்காகத்தான் சப்பாத்தைக் கழற்றினேன். இரட்டை முடிச்சை அவிழ்த்து, காலுறையை உள்ளே மடித்து வைத்து, சோடியாகச் சுவரோரம் வைத்தேன். உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் செய்த பிழையும் அதுதான். வேறு யாராவது என்றால் சப்பாத்தோடு விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். சப்பாத்துக் காலோடு முசல்லாவில் நிற்க விட எனக்கு மனம் வரவில்லை. தொழும்போது நோக்க வேண்டிய கிப்லாத் திசையைப் போனில் பார்த்து முசல்லாவை விரித்தேன். அதைக்கூட அவர் தானாகச் செய்திருக்க முடியாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தடித்த ஜாக்கெட்டோடு குனிவது சிரமம் என்பதால் அதைக் கழற்றி என் கையில் வைத்துக்கொண்டேன். அதன் பையில்தான் அவருடைய பெயரும் என் நம்பரும் எழுதிய அட்டை இருந்தது. காருக்கு வந்த பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது.

பயணத்தில் இருப்பவர்களுக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நாலு ரக்அத் தொழ வேண்டிய இடத்தில் இரண்டு போதும். அஞ்சு நிமிட வேலை. அவர் முதல் ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்தபோது நான் எழுந்து படியிறங்கினேன்.

பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு சிறு நகரம். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் முட்டை ஒம்லெட்டும் பாணும் வாங்கி, ஆறுவதற்குள் சாப்பிட்டேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். ஒருவரும் தட்டவில்லை. வந்து உட்கார்ந்து இரண்டு கோப்பை கோப்பி குடித்தேன். ஒரு சொல்லும் விளங்காத சஞ்சிகை ஒன்றைக் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினேன். மழை பிடித்தது. அப்போதும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

நான் திரும்பிப் போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். போனேன். மணி ஐந்தாகப் போகிறது, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. உடைந்த சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அசனார் அமர்வில் இருந்தார். கம்பளிச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, பாதம் இரண்டும் நீலம் பாரித்திருந்தது. எண்ணிக்கைக்காக வலப்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு கல் மட்டும் கிடந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினார்.

"ரினோசா," என்றார். "எத்தின?"

எட்டு மாதமாக அவர் வாயில் வராத பெயர். நான் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும், முடிஞ்சிச்சி என்று. சலாம் கொடுத்திருப்பார், சப்பாத்தை மாட்டி, காருக்குக் கூட்டிவந்து, ஹீட்டரைப் போட்டு, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் தொழுகையில் பேசினால் தொழுகை முறிந்துவிடும். நான் பதில் சொன்னால் அவர் இன்னும் பேசியிருப்பார். அவருடைய தொழுகையைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தரையில் கையை ஊன்றி, இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை எழுந்து நின்று கையைக் கட்டினார்.

நான் இறங்கிப் போனேன். ஆறு மணிக்கு நகரத்துப் பொலீஸ் நிலையத்தில், கார் நிறுத்துமிடத்தில் கழிவறைக்குப் போய் வருவதற்குள் கணவரைக் காணவில்லை என்றேன். எந்தப் பக்கம் போயிருப்பார் என்று கேட்டார்கள். ஆற்றுப் பக்கம் என்றேன். விளக்குகளோடு பதினாலு பேர் விடியும்வரை ஆற்றங்கரையில் தேடினார்கள். பாறை உச்சியில் ஒருவரும் தேடவில்லை, அங்கே சங்கிலி போட்டிருந்ததே. ஒரு இளம் பொலீஸ்காரன் எனக்குப் போர்வையும் சூப்பும் கொண்டுவந்து தந்தான். குடித்தேன், நல்ல சூடாக இருந்தது.

காலையில் கடைக்காரப் பெண்தான் கண்டாள். சங்கிலியின் கொக்கி மாறி மாட்டியிருந்ததைக் கவனித்திருக்கிறாள். அசனார் முசல்லாவில், நெற்றி தரையில் இருந்தபடி இருந்தார். கேக் துண்டு பையிலேயே இருந்தது.

எங்களில் நெற்றி தரையில் இருக்கும் சுஜூதில் உயிர் பிரிவது பெரிய பாக்கியம். ரூக்வூட்டில் அடக்கிய அன்று பெண்கள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "நீங்க குடுத்து வெச்சவங்க, ராத்தா," என்றார்கள். பள்ளியில் பயானில், அதாவது பிரசங்கத்தில், அவர் கதையைச் சொன்னார்களாம், கடைசி மூச்சுவரை தொழுகையை விடாத மனிதர் என்று. சாஜித் அதைப் பெருமையாகச் சொன்னான். போன வெள்ளிக்கிழமை போனில், "வாப்பாட மௌத்து மாதிரி எனக்கும் கெடைக்கணும்னு துஆ கேளுங்க உம்மா," என்றான். பிள்ளை பிரார்த்தனை கேட்டால் தாய் ஆமீன் சொல்ல வேண்டும். எனக்கு நா எழவில்லை. நேற்று நீங்கள் கூப்பிட்டு சப்பாத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதுதான் சொல்லிவிடலாம் என்று பட்டது.

ஆம், நான்தான் அவரை அங்கே வைத்துவிட்டு வந்தேன். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தே இரண்டாம் தடவையும் விட்டு வந்தேன். தேடப் போனவர்களை வேறு பக்கம் அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன். ஒன்றை மட்டும் மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என் மகனும் படிக்க வேண்டும். கார் பார்க்கில் கொடுத்த சத்தியத்தை நான் மீறவில்லை. கடைசிவரை அவரை நான் ஹோமில் போடவில்லை.